செங்காட்டுப்பாளையம் ஏர்போர்ட்டில் பறவைகள் இல்லை

தம்பி, உங்க சட்டப் பையில பேனா ஒண்ணு இருக்குதுங்களே, அதைச் சித்த நேரம் குடுப்பீங்களா? ஏர்போர்ட் பிரிவு வர்றதுக்குள்ள திருப்பிக் குடுத்துடறனுங்க. நெசத்தைச் சொல்லிப்போடறன், பேனா வெச்சிருக்கற ஆளாப் பாத்துத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தன். பின்னால ரெண்டு சீட்டு காலியாக் கெடக்குது பாருங்க. இப்பெல்லாம் யாரு பேனா வெச்சிருக்கறாங்க? எல்லாரும் போனைத்தான் நோண்டிட்டு இருக்கறாங்க.

இல்லீங்க, பையை மேல வெக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். பதினாலு நோட்டுங்க, கனமாத்தான் இருக்குது. இருந்தாலும் என்ற கையிலயே இருக்கட்டும். இன்னிக்கு நாலு மணிக்குள்ள இதைக் கொண்டுபோய்க் குடுத்தா ஆறு பேரு பொழப்பு நெலைக்கும். குடுக்காட்டி ஆறு பேரும் நாளைக்கு வேலையில்லாம ஊட்டுல குக்கோணும். இப்ப மணி ரெண்டே கால் இருக்குமுங்களா? ரெண்டரையா! கெரகமே, இந்த பஸ்காரன் வேற மாட்டு வண்டி மாதிரி ஓட்டறான்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. செங்காட்டுப்பாளையம் ஏர்போர்ட்ல வேலை. ஏர்போர்ட்னு சொன்னாப் பிளேன் ஓட்டறனான்னு கேப்பாங்க. நான் பறவை வெரட்டறனுங்க. சிரிக்காதீங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. பிளேன் எறங்கறதுக்குக் கால் மணி நேரம் முந்தி ஜீப்பை எடுத்துட்டு ரன்வேயோட இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் போயி, வெடியப் போட்டு, தகரத்தைத் தட்டி, கொக்கு, பருந்து, மைனா, எல்லாத்தையும் கெளப்பி உடோணும். ஒரு கொக்கு எஞ்சினுக்குள்ள பூந்துச்சுன்னா அம்பது அறுவது உசுருங்க. மயிலுதான் பெரிய அக்கப்போரு. அது தேசியப் பறவை, கல்லெடுத்துக்கூட அடிக்கக் கூடாது. கையெடுத்துக் கும்புட்டு, போ சாமின்னுதான் சொல்லோணும். அதும் போகாது. நம்மளத் திரும்பிப் பாத்துட்டு நிக்கும்.

இருவத்திரெண்டு வருசமுங்க. அதுல பதினெட்டு வருசம் நான்தான் மேஸ்திரி. எனக்குக் கீழ அஞ்சு பேரு. இன்னும் பதினாலு மாசத்துல ரிட்டையர்டு. இப்பப் போயி வந்து சேந்துச்சு பாருங்க, கம்பெனி.

போன தை மாசம் ஏர்போர்ட்டைக் கம்பெனி ஆக்கிப்போட்டாங்க. தனியாருக்கு வித்துட்டீங்களான்னு கேட்டா இல்லைங்கறாங்க. கவர்மெண்டுதான் முதலாளியாம், ஆனா இனிமே இது கவர்மெண்டு இல்லையாம். உங்களுக்குப் புரியுதுங்களா? எனக்கும் புரியலை. வாசல்ல இருந்த போர்டைக் கழட்டிட்டு, அதே பேரோட லிமிடெட்னு சேத்திப் புதுசா ஒண்ணு மாட்டுனாங்க. ஆளுக்கு ரெண்டு லட்டு குடுத்தாங்க. கழுத்துல தொங்கப்போடறதுக்கு நீலக் கயிறு குடுத்தாங்க. பேருதான் மாறுது, யாரும் பயப்பட வேண்டாம்னு மைக்குல சொன்னாங்க. நானும் கை தட்டுனனுங்க. முதல் வரிசைல நின்னு தட்டுனன்.

அதுக்கு அடுத்த மாசம் ஒரு புள்ளை வந்துச்சு. இருவத்தாறு வயசு இருக்கும், என்ற மக மேகலா வயசு. மடியில கம்ப்யூட்டரை வெச்சுட்டு ஒவ்வொரு செக்சனா வந்து உக்காந்துச்சு. நீங்க என்ன வேலை பண்றீங்க, பண்ணுனதுக்குப் பேப்பர் என்ன இருக்குது, அவ்வளவுதான் கேக்கும். நல்ல புள்ளைங்க. கோவமாப் பேசாது. அதுதான் எனக்கு வெசனம். கோவமாப் பேசியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பனல்லங்க?

முதல்ல புல்லு வெட்டற செக்சன். அந்த மேஸ்திரி இருக்கறானே, புல்லு வெட்டாத நாளைக்கும் ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கறான். ‘புல்லின் உயரம் பார்க்கப்பட்டது.’ ‘புல் நனைந்திருந்ததால் காத்திருக்கப்பட்டது.’ அந்தப் புள்ளை படிச்சுப் பாத்துட்டு, உங்களுக்கு இன்னும் ரெண்டு ஆள் வேணுமேன்னு சொல்லிடுச்சு! வயிறு எரியுதுங்க.

அப்பறம் எங்க செக்சன். நான் குளிச்சுத் திருநீறு பூசி, இஸ்திரி சட்டை போட்டுட்டு, அஞ்சு பேரையும் வரிசையா நிறுத்தி வெச்சு, ரிஜிஸ்டர் அத்தனையும் அடுக்கி வெச்சன். தேதி, மணி, என்ன பறவை, எத்தனை, என்ன பண்ணினீங்க, இப்படிக் கட்டம் போட்டிருக்கும். எல்லாக் கட்டத்துலயும் ‘இல்லை’. இருவத்திரெண்டு வருசமும் ‘இல்லை’. என்ற கையெழுத்து முத்து முத்தா இருக்குமுங்க. அந்தப் புள்ளை பத்துப் பக்கம் திருப்புச்சு. அதை வெச்சுட்டு இன்னொண்ணை எடுத்து நடுவுல தொறந்துச்சு. அப்பறம் கடைசிப் பக்கத்தைத் தொறந்துச்சு.

“ஐயா, இத்தனை வருசத்துல ஒரு பறவைகூட வரலையா?”

“வர உடுவமா, அம்மிணி!” ன்னன் நானு.

பெருமையாச் சொன்னனுங்க. நெஞ்சை நிமுத்திட்டுச் சொன்னன். என்ற மருமகன் திருமூர்த்தியும் அந்த வரிசைலதான் நிக்கறான், அவன்கூட லேசாச் சிரிச்சான்.

அந்தப் புள்ளை சிரிக்கலை. “வராத பறவையை விரட்ட எதுக்குய்யா ஆறு பேரு?” ன்னு கேட்டுச்சு.

தலையில கல்லைப் போட்ட மாதிரி ஆயிப்போச்சுங்க.

அம்மிணி, வராதன்னு இல்லை, வருதும்மா, நெறையா வருது, இப்ப வெளிய வந்தீன்னாலும் காட்டறன்னு சொன்னன். இன்னிக்கு வர்றதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, அஞ்சாறு வருசத்துக்குத் தொடர்ச்சியா இருக்கோணும்னு சொல்லிடுச்சு. பறவை அடிச்சுதுன்னு பைலட்டுக அவங்க ஆபீசுக்கு எழுதுனது வருசத்துக்கு மூணோ நாலோ இருக்குதாம். மூணு நாலுக்கு ஆறு ஆளு எதுக்கு, சத்தம் போடற மெசினு ரெண்டு வாங்கி வெச்சாப் போதும்னு கம்பெனில பேசிக்கறாங்களாம். கடைசியா வெளிய வர்றப்ப, மனசு கேக்காம எங்கிட்டச் சொல்லுச்சுங்க: “ஐயா, அன்னன்னைக்கு எழுதுன நோட்டு ஏதாச்சும் யாருகிட்டயாச்சும் இருந்தாக் கொண்டாங்க. பைலட் எழுதுன தேதியோட ஒத்துப்போச்சுன்னா எடுத்துக்குவாங்க. வியாழக்கெழமை நாலு மணிக்குக் கமிட்டி. ஆனா அடிச்சது, திருத்துனது, கிழிச்சது இருந்தா செல்லாது.” இன்னிக்குத்தானுங்க வியாழக்கெழமை.

அதா, அதா பாருங்க தம்பி, அந்தச் சோளக்காட்டுல, வேலி ஓரமா. மூணு மயிலு. ஒண்ணு ஆணு, ரெண்டு பொட்டை. தாண்டிப்போச்சு. நீங்க பாக்கலையா? எனக்கு என்னங்க, கண்ணு தானா எண்ணிப்போடும். கோயிலுக்குப் போனாக்கூடக் கோபுரத்துல புறா எத்தனைன்னு எண்ணிட்டுத்தான் சாமி கும்புடறன். கண்ணு எண்ணும், கை இல்லைன்னு எழுதும். அதான் என்ற உத்தியோகம்.

ஏன் அப்படி எழுதுனன்னு கேக்கறீங்க. நீங்க கேக்காட்டியும் உங்க மூஞ்சி கேக்குது. நான் என்னங்க கிறுக்கனா? வேலைக்குச் சேந்த முதல் வாரம், கொக்கு முப்பது, பருந்து ரெண்டுன்னு நெசத்தை எழுதுனன். அன்னைக்கிருந்த டைரக்டர் என்னையக் கூப்புட்டு ரிஜிஸ்டரை மேசை மேல வீசுனாரு. “நீ கொக்குன்னு எழுதுனா, கொக்கு ஏன் வந்துச்சுன்னு மேல இருந்து என்னையக் கேப்பான். நான் மூணு காப்பி போட்டுப் பதில் எழுதோணும். கொக்கு வந்துச்சுன்னா அப்பறம் உன்னைய எதுக்குடா வெச்சிருக்குது?” நாயம்தானுங்களே? பறவை வந்துச்சுன்னு எழுதுனா நம்ம வேலை சரியில்லைன்னு நம்மளே எழுதிக் குடுக்கற மாதிரி. அன்னையில இருந்து இல்லைதான். அப்பறம் வந்த டைரக்டருக எல்லாருக்கும் இல்லைதான் புடிச்சுது. சுதந்திர தினத்துக்குச் சர்டிபிகேட் குடுப்பாங்க, ‘பறவை இல்லா விமானதளம்’னு போட்டு. பன்னெண்டு சர்டிபிகேட், பன்னெண்டு எவர்சில்வர் தூக்குப்போசி. ஊட்டுல வந்து பாருங்க, அலமாரி நெறைய இருக்குது.

ஒருத்தன் மட்டும் சொன்ன பேச்சுக் கேக்கலைங்க. ராக்கியப்பன்னு ஒருத்தன்.

எனக்கு நாலு வருசம் கழிச்சு வந்து சேந்தான். பத்து வயசு எளையவன். கொழந்தை குட்டி இல்லை, அவனும் அவன் சம்சாரம் பாவாயியும்தான். நல்ல வேலைக்காரனுங்க, அதைச் சொல்லோணும். ஆட்காட்டிக் குருவி தரையிலயே முட்டை வெக்குமல்ல, அதைச் சுத்திக் கல்லு நட்டு வெப்பான், ஜீப்பு ஏறிடும்னு. முட்டையைத் தூக்கி அக்கட்டப் போடறா, ரன்வே ஓரத்துல என்னடா உனக்குப் பாசம்னு வைவன். அடுத்த நாள் கல்லோட முட்டையோட அம்பது அடி தள்ளி வெச்சிருப்பான். அப்படி ஒரு ஆளு. ரிஜிஸ்டர்ல ‘கொக்கு நாப்பத்திரெண்டு’ன்னு எழுதிப்போட்டான். நான் அந்தப் பக்கத்தையே கிழிச்சுப்போட்டு, இல்லைன்னு எழுதுடான்னன். எழுதுனான். “பாத்ததை எங்கயாச்சும் எழுதாட்டி எனக்குத் தூக்கம் வராதுங்ணா”ன்னான். தூக்கம் வராட்டிக் குப்புறப் படுறான்னு சொல்லிப்போட்டு உட்டுட்டன். அன்னையில இருந்து அவன் சொந்தமா நோட்டு வாங்கித் தனியா எழுதிட்டு வந்திருக்கறானுங்க. வருசத்துக்கு ஒண்ணு. பதினாலு வருசம். நாங்கெல்லாம் சாயங்காலம் டீ குடிச்சுட்டு நாயம் பேசிட்டு இருந்தா, இவன் ஜீப்புல குக்கி எழுதிட்டு இருப்பான். புலவரே, பாட்டு முடிஞ்சுதான்னு கேலி பண்ணுவோம்.

அவன் இப்ப ஏர்போர்ட்ல இல்லீங்க. நாலு வருசம் ஆச்சு. அவன் டூட்டில ஒரு மயிலு வந்து பிளேன் சக்கரத்துல அடிச்சுப்போடுச்சு. ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகலை. பிளேன் மூணு நாள் நின்னுபோச்சு. விசாரணை வந்துச்சு, வேலைய உட்டு அனுப்பிப்போட்டாங்க. தாராபுரத்துக்கு அக்கட்டக் கோழிப்பண்ணைல வாட்ச்மேனா இருக்கறான். காலைல அங்கதான் போயிட்டு வர்றனுங்க.

நாலு வருசத்துல ஒரு நாளு எட்டிப் பாக்கலை. நோட்டை அடுப்புல போட்டிருப்பானோ, என்னையக் கண்டாக் கதவைச் சாத்திருவானோன்னு நெனைச்சுட்டே போனன். பாவாயிதான் முதல்ல பாத்துச்சு. வாங்கண்ணான்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். உள்ள போயிடுச்சு. மோரு வரலை. தண்ணி வரலை. நம்ம பக்கத்துல ஊட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணி குடுக்காம இருப்பாங்களா, சொல்லுங்க? என்ன பழக்கம் இது! அவன் கூட்டிப் பெருக்கிட்டு இருந்தவன் சீமாத்தைக் கீழ வெச்சுட்டு வந்து நின்னான். எளைச்சுப் போயிருந்தான். நான் எல்லாத்தையும் சொன்னன். கம்பெனியாயிப்போச்சுடா, செக்சனை மூடறாங்கடா, உன்ற நோட்டு மட்டுந்தான்டா தெய்வம்னேன். சொல்றப்ப அழுகை வந்துடுச்சுங்க. நடிப்பில்லை, நெசமாவே வந்துடுச்சு.

அவன் உள்ள போயி, தீவனச் சாக்குக்குள்ள சுத்தி வெச்சிருந்த நோட்டுக்கட்டை எடுத்துட்டு வந்தான். பதினாலும் இருந்துச்சு.

“எடுத்துட்டுப் போங்கண்ணா. ஒரு பக்கமும் கிழிச்சுப்போடாதீங்க.”

“சேச்சே, நான் ஏன்டா கிழிக்கறன்”னன்.

“ஈசல் பொறப்படற அன்னைக்கு வடக்காலக் கடைசில ரெண்டு ஆளு நிக்கோணுமுங்ணா. இப்ப நிக்கறாங்களா?”

நாலு வருசம் கழிச்சுப் பாக்கறவன் கேக்கற கேள்வியப் பாருங்க. நிக்கறாங்கன்னு சொன்னன். யாரும் நிக்கறதில்லை.

பஸ் ஏறி உக்காந்து நோட்டைத் தொறந்தவுடனே எனக்குச் சாமியே வந்த மாதிரி இருந்துச்சு. தேதி, மணி, பறவை, எத்தனை, காத்து எந்தப் பக்கம், எத்தனை வெடி போட்டது, எல்லாம் இருக்குது. கொக்கு எழுவது. பருந்து ஒம்பது. ‘ஆட்காட்டி முட்டை நாலு, ரெண்டு பொரிச்சுது.’ பைலட்டு எழுதுன தேதி எது வந்தாலும் இதுல நிக்கும். பொழைச்சமடா சாமின்னு கண்ணுல ஒத்திக்கிட்டன். அப்பறந்தானுங்க அந்தக் கடைசிக் கட்டத்தைப் பாத்தன். இங்க பாருங்க. நீங்களே படிங்க. ‘ரிஜிஸ்டர்ல: இல்லை. எழுதச் சொன்னது: சென்னியப்பண்ணன்.’ அடுத்த வரி. ‘எழுதச் சொன்னது: சென்னியப்பண்ணன்.’ எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் இருக்குது தம்பி. பதினாலு வருசமும் இருக்குது. பாத்ததை எழுதறன்னா பறவையை மட்டும் எழுதேன்டா, பாவி. சொன்னவன் பேரெல்லாம் எதுக்குடா?

இதைக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன ஆகும்? பொய் ரிஜிஸ்டர் எழுதுன மேஸ்திரின்னு முதல்ல என்ற சீட்டைக் கிழிப்பாங்க. இருவத்திரெண்டு வருசத்துக்கு ஒரு மாலை கெடையாது, பென்சனு கெடையாது. குடுக்காட்டி அஞ்சு பேரு ஊட்டுல அடுப்பு எரியாது. அதுல ஒண்ணு என்ற மக ஊடு. பேரனுக்கு இப்பத்தான் ரெண்டு வயசாகுது. காலைல நான் கெளம்பறப்ப மேகலா வாசல்ல வந்து நின்னுட்டு, “அப்பா, எப்படியாச்சும் பண்ணிப்போட்டு வாங்க”ன்னு சொல்லுச்சு. எப்படியாச்சும்னா எப்படிங்க?

அதுக்குத்தானுங்க பேனா கேட்டன். என்ற பேரை மட்டும் லேசா அடிச்சுப்போடலாம்னு. நீங்க தலையை ஆட்டறீங்க. தெரியுதுங்க, அடிச்சது இருந்தா செல்லாதுன்னு நான்தான் இப்பச் சொன்னன். கிழிக்கலாம்னாப் பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு வெச்சிருக்கறான், கிறுக்கன். நான் கிழிப்பன்னு பதினெட்டு வருசத்துக்கு முந்தியே தெரிஞ்சிருக்குது பாருங்க அவனுக்கு.

சரி, பொய் ரிஜிஸ்டர்னு சொன்னா டைரக்டர் எழுதச் சொன்னாரு, நான் எழுதுனன்னு சொல்லிப்போடலாம். அது நெசந்தான். காலுல உழுந்தாவது சமாளிச்சுப் பாப்பன். அதுகூடப் பரவால்லீங்க. கடைசி நோட்டுல கடைசியா எழுதுன பக்கம் ஒண்ணு இருக்குது. அதுதான்.

மயிலு அடிபட்டுச்சுன்னு சொன்னனல்லங்க. ஐப்பசி மாசம். முந்தின நாள் நல்ல மழை. மக்யா நாள் காலைல ஈசல் பொறப்பட்டுருச்சு. ஈசல் பொறப்பட்டா ஊர்ல இருக்கற பறவை பூராவும் அங்கதான். அன்னைக்கு டூட்டி சார்ட்டுல ராக்கியப்பன் பேரு இருந்துச்சு. சார்ட்டு எழுதறது யாரா? மேஸ்திரிதானுங்க எழுதோணும். ஆமா, நான்தான். முந்தியே எழுதுனதா, பொறகு எழுதுனதான்னு கேக்காதீங்க. நீங்க என்னங்க, வக்கீலாட்டக் கேக்கறீங்க. ஒண்ணுமே கேக்கலையா? சரிங்க. நீங்க கேக்கலை.

அன்னைக்குக் காலைலதானுங்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க போன் பண்ணுனாங்க. மேகலாவுக்கு அதுக்கு முந்தி மூணு எடம் தட்டிப்போச்சு. இது நாலாவது. பையனுக்கு வேலைதான் ஒண்ணும் நெலையா இல்லை, மத்தபடி நல்ல எடம். பேசிட்டு இருக்கறப்ப எப்படிங்க போனை வெக்க முடியும்? பேசி முடிச்சுட்டுப் போலாம்னு இருந்தன். பிளேன் அஞ்சு நிமிசம் முந்தி வந்துருச்சு. எப்பவும் லேட்டா வர்ற பிளேனு, அன்னைக்குன்னு பாத்து முந்தி வருதுங்க!

விசாரணைக்கு முன்னால ராக்கியப்பனைக் கூப்புட்டு வந்து தண்ணித் தொட்டிக்குப் பின்னால வெச்சுச் சொன்னன். டே தம்பி, எனக்குப் பதிலா நீ மாத்து டூட்டி பாத்தன்னு சொல்லு. உனக்குப் புள்ளையா குட்டியா. எனக்கு இப்ப வேலை போச்சுன்னா அந்தக் கண்ணாலம் நின்னுபோகும். ரெண்டே மாசம், உன்னைய மறுக்கா உள்ள எடுத்துப்போடறன். என்ற மக மேல சத்தியம்னன். அவன் தலையை மட்டும் ஆட்டுனான். ஒத்துக்கிட்டான்னுதானுங்களே அர்த்தம்? அடிச்சா ஒத்துக்க வெச்சன்? விசாரணைல கேட்டப்பவும் என்னைய ஒரு தடவை பாத்தான். பாத்துட்டு, ஆமாங்கன்னுட்டான்.

எடுத்துப்போடலாம்னுதான் இருந்தன். நெசமாலும். கண்ணாலம் முடிஞ்சுது. மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. செக்சன்ல ஒரு எடம் காலியா இருந்துச்சு. நீங்களா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?

என்ன அப்படிப் பாக்கறீங்க? இந்தாங்க, கடைசிப் பக்கம். பாருங்க, என்னையப் பத்தி ஒரு வார்த்தை தப்பா எழுதலை. அவன் நெனைச்சிருந்தா எழுதியிருக்கலாம். தண்ணித் தொட்டியைப் பத்தி எழுதியிருக்கலாம். சத்தியத்தை எழுதியிருக்கலாம். எழுதலையே. அந்தத் தேதி போட்டு ஒரே ஒரு வரி. படிங்க. ‘இன்னைக்கு எனக்கு வார லீவு. நான் போகலை. எத்தனை மயிலுன்னு தெரியலை.’

அவ்வளவுதான். அதுக்கப்பறம் பூராவும் வெள்ளைத்தாள்.

அந்தப் புள்ளை இந்தத் தேதியைத்தான் முதல்ல தேடும். பைலட்டு எழுதுனதுல பெரிசு இதுதான். தேடி எடுத்து, சார்ட்டைப் பக்கத்துல வெச்சுப் பாக்கும். கோவமாப் பேசாது. ஐயா, இது என்னங்கய்யான்னு கேக்கும். பக்கத்துல திருமூர்த்தி நிப்பான். சாயங்காலம் அவன் போயி மேகலாகிட்டச் சொல்லுவான். தான் எவன் சீட்டுல உக்காந்திருக்கறோம்னு அவனுக்கும் அப்பத்தான் தெரியும். அவனுது நிக்குமோ, அதுவும் போகுமோ, அது வேற தெரியலை. தாராபுரத்துல இருந்து பஸ்ஸு ஏறுனதுல இருந்து, இது ஏதாச்சும் பாலத்துல இருந்து உழுந்து தொலையாதான்னு நெனைச்சுட்டு வர்றன். நீங்கெல்லாம் இருக்கறீங்க, தப்புத்தான். இருந்தாலும் நெனைச்சன்.

பையை ஜன்னல் வழியா வீசிட்டு, நோட்டே இல்லைன்னுட்டான்னு சொல்லிப்போடலாம். ராக்கியப்பன் வந்து கேக்க மாட்டான். கேக்கறவனா இருந்தா அன்னைக்கே கேட்டிருப்பான். இல்லைன்னு எழுத எனக்குச் சொல்லியா குடுக்கோணும்? என்ற கைக்கு அது ஒண்ணுதானுங்களே தெரியும். இருவத்திரெண்டு வருசம் வேற என்ன எழுதுனன்? மக கண்ணாலப் பத்திரிகைக் கவர் மேல பேரு எழுதறப்பக்கூடத் தப்பிப்போயி ‘இல்லை’க்கு ‘இ’ போட்டுட்டனுங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

என்னங்க கண்டக்டரே? பிரிவா? அடுத்ததா? சரிங்க, எறங்கறன், எறங்கறன், முன்னால வர்றன்.

தம்பி, நோட்டைச் சித்த இப்படிப் புடிச்சுக்குங்க. பஸ்ஸு ஆடுது. அடிக்கலை. பயப்படாதீங்க, ஒண்ணும் அடிக்கலை, திருத்தலை. இந்த வரிக்குக் கீழ எடம் இருக்குதல்ல, அங்க. சேத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாச் செல்லுமான்னு அந்தப் புள்ளை சொல்லலை, நானும் கேக்கலை. செல்லாட்டிப் போகுது. எத்தனை மயிலுன்னு தெரியலைன்னு எழுதி நாலு வருசமா அப்படியே உட்டு வெச்சிருக்கறானல்லங்க. பாத்ததை எழுதாட்டித் தூக்கம் வராத பய.

டூட்டி, சென்னியப்பன். காலைல ஏழு அம்பது. வடக்காலக் கடைசி.

பதினொண்ணு, தம்பி. பதினொரு மயிலு. நாலு ஆணு, ஏழு பொட்டை. போனைக் காதுல வெச்சுட்டே எண்ணிட்டு நின்னனுங்க.